புளியங்கூடலில் முளைத்த மலை

எங்கள் தீவில் மலை கிடையாது. கறையான் புற்றைக் கண்டால்கூட மேடு என்று மரியாதையாகச் சொல்லுவோம். ஆனால் பிரதேச சபைத் தேர்தலுக்கு முதல் வாரம் வாட்சப்பில் வந்த படத்தில், புளியங்கூடல் நல்லதண்ணிக் கிணற்றுக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று ஒரு மலை நின்றது. கிணற்றுக்கு இரும்பு மூடி, மூடியில் பெரிய ஆமைப்பூட்டு. 'ஊர்க் கிணற்றைப் பூட்டினார் வேட்பாளர் சத்தியபாமா' என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தது.

சத்தியபாமா என் மனைவி. முன்பள்ளி ஆசிரியை.

அந்தக் கிணற்றில்தான் ஊரே குடிக்க அள்ளுகிறது. படம் வந்த பிறகும் அள்ளியது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் படத்தை அடுத்தவருக்கு அனுப்பிய கெட்டிக்காரரை நானே கண்டேன். கேட்டதற்கு, "அப்ப பூட்டினவ, இப்ப திறந்திட்டா போல" என்றார்.

எதிர்த்து நின்ற ஜெகதீஸ் போனமுறை உறுப்பினர். கோடையில் ஊருக்கு வந்த தண்ணீர் பவுசர் வண்டியைச் சாட்டிக் கடற்கரையில் இருக்கும் தன் விடுதிக்குத் திருப்பியவர். சனம் வெறுங்குடத்தோடு ரோட்டில் நின்று பார்த்தது. ஆனால் போனில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே அது நடக்கவில்லை.

சத்தியபாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தோத்தால் தோக்கட்டும். தண்ணியைப் பூட்டினவள் எண்ட பேரோட பிள்ளையளுக்கு முன்னால என்னெண்டு நிக்கிறது?" என்று அழுதாள்.

பக்கத்து வீட்டு மனோகரி அக்காவிடம் போனோம். அவர் ஒன்றைச் சொன்னால் எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் கேட்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

"அக்கா, ஒவ்வொரு நாளும் அள்ளுறியள். பூட்டு ஏதும் கண்டனீங்களோ?" என்று கேட்டாள் சத்தியபாமா.

"நான் காணேல்லை. எண்டாலும் படத்தை அனுப்பினது கனடாவில இருக்கிற என்ர தம்பி நிசாந்தன். அவன் விசாரிக்காமல் அனுப்பமாட்டான். அவனே பொய்யெண்டு சொல்லட்டும், என்ர வாக்கு உமக்குத்தான்."

நிசாந்தன் ஊர்ப்பக்கம் வந்து வருசக்கணக்காகிறது. அதனாலென்ன? பக்கத்து வீட்டில் நடப்பதை அறிய எங்கள் ஒழுங்கையில் யாரும் வேலியால் எட்டிப் பார்ப்பதில்லை, கனடாவுக்குப் போன் எடுத்துத்தான் கேட்பார்கள்.

நானும் எடுத்தேன். கிணற்றடியில் நின்று, திறந்து கிடக்கும் வாயை வீடியோவில் காட்டினேன். வாளி விட்டு அள்ளிக் காட்டினேன். நாலு பக்கமும் போனைத் திருப்பி, மலை இல்லாததையும் காட்டினேன். நல்ல பொடியன், வெட்கப்பட்டுப் போனான். "அண்ணை, பிழை விட்டிட்டன். இப்பவே அக்காவுக்குச் சொல்லுறன்" என்றான். சொன்னான். ஊர்க் குழுவிலும் மன்னிப்புக் கேட்டுக் குரல்பதிவு போட்டான். அன்றைக்குத்தான் சத்தியபாமா வயிறாரப் பிட்டுச் சாப்பிட்டாள்.

வாக்களிப்பு அன்று காலை மனோகரி அக்கா வாசலைத் தாண்டிப் போனார். சத்தியபாமா ஆசையோடு படலைக்கு ஓடினாள்.

"அக்கா, தம்பி உண்மையைச் சொன்னவர்தானே?"

மனோகரி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓம், சொன்னவன். கனடாவில இருக்கிற என்ர தம்பியையே காசு குடுத்து வாங்கிப்போட்டீர். உமக்கு ஒரு கிணத்தைப் பூட்டுறது பெரிய வேலையே?"

சொல்லிவிட்டு வாக்குப் போட விறுவிறென்று நடந்தார்.