கதவுக்காரி சொன்ன வார்த்தை

என் மனைவி பிரேமலா இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் லாபிஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கார் ஓட்டிப் போய்க் கதவு திறந்துவிட்டு வந்தாள். கேலி செய்யவில்லை, அதுதான் அவள் வேலை. 'விண்காவல் படை' என்றொரு வெளிநாட்டுத் தொடர். கவசம் போட்ட வீரர்கள் கோள் கோளாகப் போய்ச் சண்டை போடுவார்கள். அதற்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் ஸ்டுடியோவில் அவளுக்கு நோரா என்ற பாத்திரம் கிடைத்தது. நோரா ஆளில்லை. போர்க்கப்பலின் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் செயற்கை அறிவு. "கதவு திறக்கிறது", "காற்றழுத்தம் சரி", "கையை உள்ளே எடுங்கள்". இவ்வளவுதான் வசனம். கப்பலில் இருக்கிற வீரர்களே அவளைக் கதவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கார் எண்ணெய்க் காசாவது தேறுமா?" என்று கேட்டால் பிரேமலா முறைப்பாள். முகமில்லாத பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதுதான் கஷ்டமாம். எனக்கு டயர் ஒட்டத்தான் தெரியும்.

கடைசி அத்தியாயத்தில் கதவுக்காரிக்கு ஒரு பெரிய காட்சி வந்தது. கப்பலின் பின்பகுதி தீப்பிடிக்கிறது. நோரா தன்னைத்தானே அந்தப் பகுதியோடு கழற்றிக்கொண்டு எதிரியை நோக்கிப் போய்விடுகிறாள். மற்றவர்கள் பிழைக்கிறார்கள். அவள் சொல்ல வேண்டியது: "நான் போகிறேன். என்னைத் தேட வேண்டாம். கதவை மூடுங்கள்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பாட்டு. பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, பூனைக்குச் சோறு வைக்கும்போது, உணர்ச்சியே இல்லாத அந்தக் குரலில், நான் போகிறேன், நான் போகிறேன். எங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். கிளம்புகிறவர் 'போயிட்டு வரேன்' என்பார், இருக்கிறவர் 'போயிட்டு வா' என்பார். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்குச் சரி. என் அண்ணன் ஒரு நாள் கோபத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். யோங் பெங் ஊரைத் தாண்டவில்லை, லாரி அடித்துவிட்டது. லாரிமேல்தான் தப்பு, வார்த்தையின்மேல் இல்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஒலிப்பதிவு நாளன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பிரேமலா கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். திரும்பி, கண்ணை அசையாமல் வைத்துக்கொண்டு, கதவுக்காரி குரலில் சொன்னாள்.

"நான் போகிறேன். என்னைத் தேட வேண்டாம்."

"அலமாக், வாசல்ல நின்னு என்ன பேச்சு இது? ஒழுங்கா சொல்லிட்டுப் போ."

"ரிகர்சல்தானே, என்னங்க நீங்க. இந்தக் காலத்துல போய் இதுக்கெல்லாம் பயப்படுறீங்க."

"சொல்லுன்னா சொல்லு."

அவளுக்கும் வீம்பு. "நான் போறேன்," என்று அவள் சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் 'போயிட்டு வா' சொல்லாமல் உள்ளே திரும்பிவிட்டேன். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மழை விடவில்லை. மத்தியானத்துக்குள் என் டயர் கடைக்கு முன்னால் சாக்கடை நிரம்பி ரோட்டுக்கு வந்தது. பக்கத்து ஊரான சாஆவுக்குப் போகிற சாலையில் தண்ணீர் ஏறுகிறது என்று டயர் மாற்ற வந்தவர்கள் சொன்னார்கள். பிரேமலா திரும்பி வரவேண்டிய சாலை அது. போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ரெக்கார்டிங்கில் இருப்பாள் என்று நினைத்தேன். மறுபடி போட்டபோது மணிகூட அடிக்கவில்லை. என் போனிலேயே சிக்னல் இல்லை. லாபிஸில் யாருக்குமே இல்லை.

அப்போதுதான் பயம் உள்ளே வந்து உட்கார்ந்தது. கை ஒரு வேலையைச் செய்ய, மண்டைக்குள் அந்தக் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. தேட வேண்டாம். தேட வேண்டாம். நான்கு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவள். ஐந்து ஆகியும் காணோம். கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு அர்ச்சுனன் வீட்டுக்கு நனைந்துகொண்டே ஓடினேன்.

அர்ச்சுனன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற பெரிய லாரி ஓட்டுகிறவன், என் பள்ளிக்கூட நண்பன். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டினான்.

"மெயின் ரோடு போக முடியாதுடா. எஸ்டேட்டுக்குள்ள மேட்டுப் பாதை இருக்கு. அதுல போனா சாஆ பக்கம் ஏறிக்கலாம். உக்காரு."

செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் பள்ளத்தில் தண்ணீர், பழுப்பாக, சத்தமே இல்லாமல் மரத்துக்கு மரம் நகர்ந்தது. சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அர்ச்சுனன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். எனக்காகத்தான் பேசினான். ஒன்றும் காதில் ஏறவில்லை.

மேட்டின் உச்சிக்கு வந்ததும் சட்டைப் பையில் போன் துடித்தது. சிக்னல் வந்திருந்தது. பிரேமலாவிடமிருந்து ஒரு குரல்பதிவு. உடனே அமுக்கினேன்.

"நான் போகிறேன். என்னைத் தேட வேண்டாம். கதவை மூடுங்கள்."

பிறகு ஒன்றுமில்லை. எனக்கு அந்த வசனம் மனப்பாடம். அது வசனம்தான் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் இந்த நேரத்தில் ஏன் வரவேண்டும்? எங்கிருந்து பேசினாள்? தண்ணீருக்குள் மாட்டிய காரிலிருந்தா? போனைக் கீழே போட்டுவிட்டேன்.

அர்ச்சுனன் லாரியை நிறுத்தி, போனை எடுத்துப் பார்த்தான்.

"டேய், இது மத்தியானம் அனுப்பினதுலா. ஸ்டுடியோல பேசுனதைக் கேக்கச் சொல்லி அனுப்பியிருப்பா. இப்பத்தான் உனக்கு வந்து சேருது."

திரும்ப அழைத்தேன். அவள் போன் அணைந்திருந்தது.

எஸ்டேட் பாதை முடிந்து பெரிய சாலையில் ஏறினோம். லாபிஸ் பக்கம் திரும்பிப் பார்த்தால் சாலை இருந்த இடத்தில் ஆறு. பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு ஒரு கார். கூரையும் பின்கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. வெள்ளை மைவி.

எங்கள் காரும் வெள்ளை மைவி.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இடுப்பு வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன், அர்ச்சுனன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்திருந்தான். விடச் சொல்லித் திட்டினேன். "பிரேமா" என்று கூப்பிட்டேன். பாசி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை கண்ணாடியில் ஒட்டியிருந்தது, அதைக்கூட அவள் துப்பட்டா என்று நினைத்தேன். அப்போது நீரோட்டம் காரைக் கொஞ்சம் திருப்பியது. பின்னால் ஒட்டியிருந்த கால்பந்துக் குழுவின் ஸ்டிக்கர் தெரிந்தது. பிரேமலா காரில் எதையும் ஒட்ட விடமாட்டாள்.

கரையில் நின்ற ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"உள்ள யாரும் இல்ல தம்பி. ஓட்டிட்டு வந்த பையனைக் கயிறு போட்டு இழுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாங்க. உயிரு இருக்கு. மேல ஏறி வாங்க."

ஏறி வந்தேன். யாரோ பெற்ற பிள்ளை அந்தக் காருக்குள் இருந்திருக்கிறான். அது அவளில்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். மனுசன் இவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் சாஆவுக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் நிலையத்தில் நிற்பதாகப் பெரியவர் சொன்னார். போனோம். கார்கள் வரிசையாக நின்றன. கடைக்குள் மைலோ டப்பாக்கள் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில், தரையில் காலை மடக்கிக்கொண்டு, பிரேமலா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"போன் செத்துப்போச்சு," என்றாள். "சார்ஜர் ஸ்டுடியோவிலேயே இருக்கு."

"அந்த வெள்ளைக் கார்..."

"எனக்கு முன்னாலதான் போச்சுங்க." அவள் குரல் உடைந்தது. "ஒரு லாரி தண்ணிக்குள்ள இறங்கிப் போச்சு. அது பின்னாலேயே அந்தப் பையன் போனான். நானும் போயிருப்பேன். கியர் போட்டுட்டேன். அப்பத்தான் காலையில சொன்னது ஞாபகம் வந்துச்சு. போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்களும் போயிட்டு வான்னு சொல்லல. பிரேக்கை அமுக்கிட்டேன். பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க, திட்டுறாங்க. நான் ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. நான் வழக்கம்போலச் சொல்லி, அவளும் வழக்கம்போலச் சொல்லியிருந்தால்? தைரியமாக இறங்கியிருப்பாள். இதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அர்ச்சுனன் மூன்று பேருக்கும் சூடாக மைலோ வாங்கி வந்தான். குடிக்கும்போது பல் தட்டியது.

தொடர் போன மாதம் வெளியானது. கடைசி அத்தியாயத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். எங்கும் தீ. வீரர்கள் ஓடுகிறார்கள், கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து வழிவிடுகின்றன. பிறகு அந்தக் குரல்.

"நான் போகிறேன். என்னைத் தேட வேண்டாம். கதவை மூடுங்கள்."

அத்தனை வீரர்கள் நிற்கிறார்கள். கதவுக்காரிக்கு ஒருவன்கூடப் பதில் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன வெளிச்சம் தூரமாகப் போனது.

"போயிட்டு வா," என்றேன்.

பிரேமலா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கேலி செய்யவில்லை. நான் இன்னொரு தடவையும் சொன்னேன்.