எலுமிச்சை ஜலத்தில் இரண்டு மாத்திரை

மட்டாஞ்சேரி பஜாரில் சிவராமகிருஷ்ணனை ஏமாற்றி ஒரு மூட்டை மிளகைக்கூட உள்ளே தள்ளிவிட முடியாது. பப்பாளி விதையைக் காயவைத்துக் கலந்துகொண்டு வந்த ஆசாமிகள் எத்தனையோ பேர் அவர் முன்னால் அசடு வழிய நின்றிருக்கிறார்கள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார். ஈரமா, காய்ந்ததா என்று கை சொல்லிவிடும். இரண்டு மணியை எடுத்துக் கடிப்பார். மிச்சத்தை நாக்கு சொல்லிவிடும். சாமி வேண்டாமென்றால் வேண்டாம்தான். முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் எழுபத்தேழாம் வருஷம் மே மாதம், பதினோரு நாள், தன் சொந்த வீட்டில் தன் பெண் குடிக்கிற தம்ளரில் கலப்படம் செய்தார். அன்பினால் செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் விஷயம் ஒன்றும் லேசாகிவிடவில்லை.

பெண் கங்காவுக்குப் பத்து வயது. முந்தின வருஷம் மழைக்காலத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாகி, கடைசியில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் குழந்தைகளுக்கும் சர்க்கரை வியாதி வரும் என்பதே அந்த வீட்டுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. மருந்துக் குப்பி ஈரமணல் போட்ட மண்பானைக்குள் இருந்தது. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைப்பது, தொடையில் குத்துவது, சிறுநீரை நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு விளக்கில் காய்ச்சி நிறம் பார்ப்பது எல்லாம் அம்மா கமலாக்ஷியின் பொறுப்பு. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்துவிட்டால் ஆபத்து. எந்த நிறத்துக்கு எத்தனை யூனிட் என்று டாக்டர் ஏலியாம்மா எழுதிக் கொடுத்த காகிதம் சுவரில் ஒட்டியிருந்தது.

சிவராமகிருஷ்ணன் ஊசி கொதிக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவருக்கு ஒரே ஒரு வேலைதான். காலையில் கிடங்குக்குக் கிளம்புமுன் எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு சாக்கரின் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, ஒரு கூஜா நிறையக் கலந்து வைப்பார். நாள் முழுக்க அந்தக் குழந்தைக்குக் கிடைக்கிற இனிப்பு அது ஒன்றுதான். ஊசி அம்மாவிடம், இனிப்பு அப்பாவிடம் என்று ஆகிவிட்டதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. கிடங்கில் சாயா குடிக்கிற நேரத்தில் கணக்கர் வெங்கிடாசலம் மலையாளப் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். கனடாவில் எலிகளுக்குச் சாக்கரின் கொடுத்துப் பார்த்தார்களாம். மூத்திரப்பையில் புற்றுக்கட்டி வந்ததாம். அமெரிக்காவில் அதைத் தடைசெய்யப் போகிறார்களாம்.

"சாமி, உங்காத்துக் குட்டிக்கு இதையாக்கும் கொடுக்கறேள்?" என்றார் வெங்கிடாசலம்.

சிவராமகிருஷ்ணனுக்குக் கையிலிருந்த சாயா ஆறிப்போயிற்று. அவருடைய அண்ணா செத்தது மூத்திரப்பையில் புற்று வந்துதான். கடைசி இரண்டு மாதம் பக்கத்தில் இருந்து எல்லாம் செய்தவர் இவர். அந்த அலறல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எலி எவ்வளவு தின்றது, எத்தனை நாள் தின்றது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தன் கையாலேயே தினம் இரண்டு மாத்திரை பொடித்துப் போட்டிருக்கிறோமே என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

டாக்டரைப் போய்க் கேட்டிருக்கலாம். கமலாக்ஷியிடம் சொல்லியிருக்கலாம். மிளகில் சந்தேகம் வந்தால் பத்துப் பேரைக் கூட்டி வைத்துத் தீர்த்துக்கொள்கிறவர், இதில் தானே நீதிபதியாகிவிட்டார். பஜாரில் திருநெல்வேலிக்காரர் கடையில் பனங்கற்கண்டு வாங்கினார். வாயில் போட்டுப் பார்த்தார். இது மில் சர்க்கரையா என்ன? இருமலுக்குக் கொடுக்கிறது, பாடுகிறவர்கள் பாலில் போட்டுக் குடிக்கிறது, உடம்புக்குக் குளிர்ச்சி. மருந்து என்று நாக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைப் பொடித்து, மாதிரிக்கு மிளகு கொண்டுபோகிற தகரடப்பா ஒன்றில் போட்டுத் தன் பைக்குள் ஒளித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கூஜாவில் மாத்திரை விழவில்லை. மாத்திரைக் குப்பியிலிருந்து தினம் இரண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டார், எண்ணிக்கை குறையவேண்டுமே!

மூன்றாம் நாள் நிறம் மஞ்சளாயிற்று. ஐந்தாம் நாள் ஆரஞ்சு. கமலாக்ஷி காகிதத்தைப் பார்த்துப் பதினாலு யூனிட்டைப் பதினெட்டாக்கினாள். எட்டாம் நாள் சோதனைக் குழாயில் செங்கல் நிறம் குழம்பாக இறங்கியது. டாக்டர் ஏலியாம்மா இருபத்திரண்டு ஆக்கச் சொன்னார். வெயில் அதிகம், அதனால்தான் என்று சிவராமகிருஷ்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கற்கண்டு என்று ஒரு குரல் உள்ளே சொன்னபோது, அண்ணாவின் முகத்தை நினைத்து அதை அடக்கினார்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது, கமலாக்ஷி குழந்தையைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி. எங்கே போய்த் தின்னே? கோவில்லே பாயசம் வாங்கினியா? அடுத்தாத்துக் குட்டிகள் மிட்டாய் தந்துதா?"

"ஒண்ணும் தின்னலைம்மா."

"பின்னே இந்தச் செங்கல் எங்கேருந்து வந்துது? ஆகாசத்துலேருந்தா?"

"சத்தியமாத் தின்னலைம்மா."

பளீரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடித்த கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டு கமலாக்ஷியும் அழுதாள். கங்கா அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் செருப்புக்கூடக் கழற்றாமல் நின்ற அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

அவசரத்துக்கு என்று வைத்திருந்த குளுக்கோஸ் டப்பாவைக் கமலாக்ஷி அன்றைக்கே அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திருட்டுக்கு எதுவும் மிச்சம் வைக்கக்கூடாது என்று அவளுக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் கை பழக்கதோஷத்தில் கற்கண்டைத்தான் போட்டது. மத்தியானம் வந்தவர் குழந்தை வாங்கிய அறையை நினைத்துக் கூஜாவைக் கொட்டிவிட்டு, மாத்திரை போட்டுப் புதிதாகக் கலந்து வைத்தார். தப்பை நிறுத்தியாகிவிட்டது, இனி சொல்லவேண்டிய அவசியம் என்ன என்று நினைத்தார். கற்கண்டுக்காக ஏற்றிய ஊசி அப்படியே நிற்கிறது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை காலையில் குழாயைக் காய்ச்சிப் பார்த்த கமலாக்ஷி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏன்னா, பாருங்கோ! லேசாப் பச்சை! அடி கொடுத்தது வெறுதே போகலை. இருபத்திரண்டு இப்பத்தான் பிடிக்கறது."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "கமலு..." என்று ஆரம்பித்தார். அவள் அதற்குள் இருபத்திரண்டு யூனிட்டை ஏற்றிக் குத்திவிட்டாள். எறணாகுளத்தில் இன்சுலின் வாங்க ஒன்பது மணிப் படகைப் பிடிக்கவேண்டும். "இட்லி நாலும் தின்னாளான்னு பார்த்துக்கோங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கங்கா இரண்டு இட்லி தின்றாள். மிச்சம் வேண்டாம் என்றாள். கிடங்குக்கு அன்று லீவு போட்டிருந்த அப்பா வற்புறுத்தவில்லை. இனிப்பில்லாத இட்லியைக்கூடக் கெஞ்சித் திணிக்க அவருக்கு அருகதை இல்லாத மாதிரி இருந்தது.

பத்தரை மணிக்கு அவள் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் கோணல்மாணலாகப் போயிற்று. "அப்பா, பென்சில் ஆடறது" என்றாள். கை ஆடியது. பிறகு காரணமில்லாமல் கோபம் வந்து நோட்டைக் கிழித்தாள். உதடு வெளுத்தது. "அப்பா, நீங்க ரெண்டு பேரா நிக்கறேள்" என்று சொன்ன வார்த்தை குழறிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் சரிந்தாள்.

சிவராமகிருஷ்ணன் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போன வருஷமும் இப்படித்தான் சரிந்தாள். அது சர்க்கரை ஏறி. இப்போதும் அதுதான், தான் கொட்டிய கற்கண்டுதான் பதினோரு நாளாகச் சேர்ந்து குழந்தையைச் சாய்த்துவிட்டது என்று அவர் குற்றமுள்ள நெஞ்சு அடித்துச் சொன்னது. அப்படியானால் ஒரு பொடி இனிப்பும் தரக்கூடாது. ஆனால் சர்க்கரை இறங்கியும் இப்படி விழும் என்று கமலாக்ஷி சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இனிப்புத் தராவிட்டால் போய்விடும். எது? தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் திருப்பி அனுப்ப இது மிளகு மூட்டை இல்லை.

கமலாக்ஷி அவரிடம் படித்துப் படித்துச் சொன்ன வார்த்தை ஒன்று நினைவுக்கு வந்தது. தோல் வறண்டிருந்தால் ஆஸ்பத்திரி, வேர்த்தால் பஞ்சசாரை, அதாவது சர்க்கரை.

குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டார். இருபது வருஷமாக ஈரம் பார்த்த கை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோல் சில்லென்று, தொப்பலாக நனைந்திருந்தது.

அலமாரிக்கு ஓடினார். பூட்டு. இழுத்தார், உதைத்தார், தேக்குக் கதவு அசையவில்லை. சமையலறையில் சர்க்கரை என்ற பேச்சே கிடையாது. கமலாக்ஷி வெல்லத்தூளைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு ஓடலாம் என்று வாசல் வரை போனவர், பின்னால் குழந்தையின் குதிகால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். அப்போதுதான் ஆணியில் தொங்கிய தன் பை கண்ணில் பட்டது.

தகரடப்பாவைத் திறக்கும்போது பாதி கற்கண்டு தரையில் கொட்டியது. மிச்சத்தை வெந்நீரில் கரைத்து, குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக உதட்டில் வைத்தார். முதல் கரண்டி வழிந்தது. இரண்டாவதை விழுங்கினாள். "குட்டி, முழுங்கு. முழுங்குடி என் பொன்னே." மூன்று, நாலு, ஐந்து. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் நகர அரை நாள் எடுத்துக்கொண்டது. மெதுவாகக் கை ஆட்டம் நின்றது. கங்கா கண்ணைத் திறந்து நாக்கால் உதட்டை நக்கினாள்.

"இதாக்கும் அந்த ருசி" என்றாள் பலவீனமாக.

"எந்த ருசி?"

"கூஜாவிலே போடுவேளே. மாத்திரைன்னா கடைசியிலே கசக்கும். இது கசக்காது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியுமா? முதல்லேருந்தே?"

"ம்."

"அம்மா அடிச்சப்போ ஏண்டி சொல்லலை?"

"சொன்னா அம்மா உங்களோட சண்டை போடுவாளே" என்றாள் கங்கா. அவருடைய நாக்கை விடக் கூர்மையான பத்து வயது நாக்கு ஒன்று அந்த வீட்டில் இருந்ததை அவர் பதினோரு நாளாகப் பார்க்கவில்லை. குழந்தையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அப்படியே அவளை ஆட்டோவில் போட்டு டாக்டர் ஏலியாம்மாவிடம் கொண்டுபோனார். படகிறங்கி வீட்டுக்கு வந்து, தரையில் சிதறிய கற்கண்டையும் திறந்துகிடந்த மிளகு டப்பாவையும் பார்த்துவிட்டு, கமலாக்ஷி மூச்சிரைக்க அங்கே வந்து சேர்ந்தாள். அவள் முன்னாலேயே அவர் எல்லாவற்றையும் சொன்னார். எலி, அண்ணா, கற்கண்டு, செருப்பு கழற்றியது வரைக்கும்.

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஊசியைப் பழையபடி பதினாலாக்கி எழுதிவிட்டு மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவை மனுஷன் எட்ட வேண்டுமானால் சாக்கரின் போட்ட சோடாவைத் தினம் நூற்றுக்கணக்கான புட்டி குடிக்கவேண்டும். அதற்காகச் சாக்கரின் குழந்தைகளுக்கு நல்லது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வியாதியில்லாத குழந்தைக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம் என்பேன். ஆனால் இவளுக்குச் சர்க்கரை என்ன செய்யும் என்று தெரியும். பனையில் வந்தாலும் கரும்பில் வந்தாலும் ஒன்றுதான்.

"பயம் தோணினால் என்னிடம் வந்து கேட்கணும்" என்றார் கடைசியில். "ஒளித்து வைத்த பயத்துக்கு நான் எப்படி மருந்து எழுதுவது?"

கமலாக்ஷி வீட்டுக்கு வந்து, குழந்தையை மடியில் போட்டு, தான் அறைந்த கன்னத்தைத் திரும்பத் திரும்பத் தடவினாள். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அடிக்கறச்சே நீங்கோ அங்கேதானே நின்னேள்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, குளுக்கோஸ் டப்பாவைக் கங்காவின் கைக்கெட்டும் மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை சிவராமகிருஷ்ணன் எலுமிச்சம்பழம் பிழிந்தார். எல்லோரும் பார்க்கும்படி கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டிப் பொடித்துப் போட்டார். எலியின் நினைப்பு வரத்தான் செய்தது. இப்போதும் பயமாகத்தான் இருந்தது. தம்ளரில் ஊற்றிக் குழந்தையிடம் நீட்டினார்.

கங்கா வாங்கிக்கொண்டாள். வாய் வரை கொண்டுபோனவள் நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள், சங்கடத்தோடு லேசாகச் சிரித்தாள். பிறகு தம்ளரை அம்மா பக்கம் நீட்டினாள்.

"அம்மா, நீ முதல்லே குடிச்சுப் பாரு."

கமலாக்ஷி ஒரு வாய் குடித்தாள். கசப்புக்காகக் காத்திருந்து, தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் கங்கா குடித்தாள். பஜார் முழுக்க நம்புகிற நாக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு, சிவராமகிருஷ்ணன் எலுமிச்சந்தோலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.