ஒன்பதாவது காரியம்

பலகை எட்டடி நீளம், ஐந்தடி உயரம். படகிலிருந்து இறங்குகிறவர் மூக்கில் இடிக்கிற மாதிரி துறை வாசலில் நட்டிருந்தார்கள். தலைப்பு: ‘நம் பழந்துறைமுகத்தில் செய்ய வேண்டிய ஒன்பது காரியங்கள்’. எழுதியவள் ஊரின் ஒரே பெயிண்டர் என்பதால் அவளுக்குப் போட்டியில்லை. சுற்றுலாச் சங்கத் தலைவருக்கு அண்ணன் மகள் என்பதால் மரியாதையும் இல்லை.

அந்தச் சித்தப்பாவை ஊர் ‘மைக்’ என்றே அழைத்தது. ஒலிபெருக்கி எங்கே முளைத்தாலும் அதன் முன்னால் அவரும் முளைத்திருப்பார். பட்டியல் அவருடைய கைவண்ணம். ஒன்று, பழைய சுங்கக் கட்டிடத்தைச் சுற்றிப் பாருங்கள். அது எல்லா நாளும் பூட்டியிருக்கும். இரண்டு, பீரங்கி மேல் உட்கார்ந்து படம் எடுங்கள். அது பழைய சாக்கடைக் குழாய் என்பது உள்ளூர் ரகசியம். மூன்று, கலங்கரை விளக்கத்தின் நூற்றுநான்கு படிகளில் ஏறுங்கள். இறங்குவதைப் பற்றிப் பட்டியல் வாய் திறக்கவில்லை.

எட்டு வரை பெயிண்டரின் கை ஓடியது. ஒன்பதில் பிரஷ் நின்றது.

‘பனிமணியைப் பாருங்கள். இருபது வருடங்களுக்கு முன் பெருமூடுபனியில் பதினோரு மணி நேரம் இடைவிடாமல் மணியடித்து, பன்னிரண்டு படகுகளைக் கரை சேர்த்தவர் நம் தலைவர்.’

அடித்தது அவள் அப்பா. அன்று தோள் போன வலது கை இன்றும் காதுக்கு மேல் எழும்பாது. சித்தப்பா அன்று இரண்டு ஊர் தள்ளி மாமனார் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரியும். ஆனால் யார் படகை எங்கே கட்டலாம் என்று முடிவு செய்வதும் மைக்தான் என்பதால் ஊர் வாயைக் கட்டிக்கொண்டது.

“மணியடிச்சது அப்பாவாச்சே சித்தப்பா?”

“குடும்பத்துல யார் அடிச்சா என்ன கண்ணு? அண்ணன் வேற, நான் வேறயா?”

“அப்ப அப்பான்னே எழுதிடறேன்.”

“உங்கப்பனுக்கு மைக்கைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டும். வர்றவங்க கேள்வி கேட்டா அவனா பதில் சொல்லுவான்? எழுது எழுது.”

வீட்டில் அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைத்துவிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

“விடும்மா. படகு வந்துச்சுல்ல.”

“நீங்க விடுங்கப்பா. நான் விடறதா இல்ல.”

அவளுக்கு ‘இடைவிடாமல்’ என்ற சொல்தான் பிடித்துப்போயிருந்தது. மூடுபனியில் கரை தெரியாத படகுகளுக்கு மணிதான் பேச்சு. மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி: வழி இருக்கிறது, வா. இடைவிடாமல் அடித்தால்: உள்ளே ஆபத்து, வெளியிலேயே நில். அப்படி நிறுத்திய படகு மறுபடி மூன்றைக் கேட்காமல் நுழையாது. படகோட்டிகளுக்கெல்லாம் அது தாய்ப்பாலோடு வந்த பாடம். ஒரு நாளும் கயிற்றைத் தொடாதவருக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா சொன்னபடியே எழுதினாள். கீழே சொந்தமாக ஒரு வரி சேர்த்தாள்: ‘கேட்டால் அடித்துக் காட்டுவார்.’

சித்தப்பா இரண்டு முறை படித்துவிட்டு, “இது எனக்குத் தோணலையே!” என்று பூரித்தார்.

சனிக்கிழமை காலை, சிறந்த பழந்துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் மூன்று பேர் விசைப்படகில் வந்துகொண்டிருந்தார்கள். லேசான பனி. கரையில் ஊரே கூடியிருந்தது. மைக் கையில் மைக்.

“வரவேற்பா மணியடிங்க சித்தப்பா,” என்றாள் பெயிண்டர். “அன்னைக்கு அடிச்ச மாதிரியே.”

கூட்டம் கைதட்டியது. சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். பேய் பிடித்தவர் போல் ஐம்பது, அறுபது அடி, மூச்சு விடாமல்.

விசைப்படகு நின்றது. பிறகு பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கடலுக்குத் திரும்பியது.

வலை பின்னுகிற ஒருவர்தான் முதலில் சிரித்தார். “பதினோரு மணி நேரம் இப்படியா அடிச்சீங்க தலைவரே? பன்னிரண்டு படகும் அடுத்த நாட்டுக்குல்ல போயிருக்கும்!”

சித்தப்பா போனை எடுத்தார். “தம்பி, தெரியாம அடிச்சுட்டேன். உள்ள வா.”

படகோட்டியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. “போன்ல யார் வேணா பேசலாம்ணே. மணி சொல்லட்டும், வர்றேன். இங்க ஒரு ஐயா வாந்தி எடுத்துட்டாரு.”

சித்தப்பா நான்கு அடித்துப் பார்த்தார், ஏழு அடித்துப் பார்த்தார். படகு இன்னும் தள்ளிப் போனது. கூட்டம் வேடிக்கை பார்த்ததே தவிர, எத்தனை அடி என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அண்ணன் நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“அண்ணே, நீ வந்து...”

அப்பா ஒரு எட்டு வைத்துவிட்டார். பெயிண்டர் குறுக்கே நின்றாள்.

“முதல்ல பலகை. அப்புறம் மணி.”

“கண்ணு, அங்க வாந்தி எடுக்கறாங்க.”

“அப்ப டப்பாவைச் சீக்கிரம் பிடிங்க.”

சித்தப்பா பெயிண்ட் டப்பாவைப் பிடித்தார். ஒன்பதாவது காரியத்தின் மேல் வெள்ளை பூசினாள். முதல் கோட் காய வேண்டும் என்றாள். காய்ந்ததும் இரண்டாவது கோட் பூசினாள். இரண்டாவது வாந்திச் செய்தி வந்தது. எழுத்தை நிதானமாகப் போட்டாள். சுழியெல்லாம் கண்ணாடி மாதிரி வந்தது. போட்டு முடித்ததை மைக்கில் வாசிக்கச் சொன்னாள்.

“...மணியடித்துப் பன்னிரண்டு படகுகளைக் கரை சேர்த்தவர்,” சித்தப்பா மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார், “என் அண்ணன்.”

“பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

இன்னொரு முறை வாசித்தார்.

அப்பா இடது கையால் கயிற்றை இழுத்தார். மூன்று அடி, நிறுத்தம். மூன்று அடி. விசைப்படகு சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி திரும்பி வந்தது. நடுவர்கள் பச்சை முகத்தோடு இறங்கும்போது, அவள் தலைப்பில் ‘ஒன்பது’ என்பதைப் ‘பத்து’ ஆக்கிக்கொண்டிருந்தாள். பத்தாவதின் பெயிண்ட் இன்னும் ஈரம்:

‘தலைவரை மணிக்கயிற்றைத் தொட விடாதீர்கள்.’