இரண்டு நாளில் பழகிவிடும்

அண்ணனின் மோட்டார் சைக்கிளை நான் எங்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது என் மனைவி வாசலிலேயே மறித்தாள். வண்டியை வாங்க ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறார், ஆறு வருடம் சும்மா நின்றதில் கிளட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதானே, தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டால் ஒரே நாளில் முடித்துவிடுவாரே என்றாள். பழைய வண்டி அவருக்குக் கைவராது என்றேன்.

"உங்களுக்கு மட்டும் வருமாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவருக்கு நன்றாகவே கைவரும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து வண்டிகளைத் திறந்து மூடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என் பயமே அதுதான். அவர் அந்தக் கிளட்சைத் திறந்தால் உள்ளே இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்று பார்த்துவிடுவார். பார்த்தால் அண்ணனிடம் சொல்வார்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது என் வேலை. துளி பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் எனக்குக் கவனமானவன் என்று பெயர். புதுக் கண்ணாடி போட்டபின் தரை சாய்கிறது, படிக்கட்டு ஆழமாகத் தெரிகிறது என்று திரும்பி வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். ரெண்டு நாள் போட்டுப் பாருங்க, பழகிடும். பெரும்பாலும் பழகிவிடும். திரும்பி வராதவர்களுக்கும் பழகிவிட்டதாகவே நான் வைத்துக்கொள்வேன்.

அண்ணன் பதினேழு வருடம் பேருந்து ஓட்டியவன். இப்போது அதே பணிமனையில், பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருட்களை வாங்கி வைக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறான். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஒரு மனிதன் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்று என்னிடம் பல முறை கேட்டிருக்கிறான். யாரும் கேட்டு வராத கண்ணாடிக் கூடுகளை எனக்குக் கொடுத்துவிடுவான். அவனை அந்த மேசைக்கு யாரும் மாற்றவில்லை. அவனே எழுதிக் கொடுத்து மாறிக்கொண்டான். என் கையை நம்பி இனி ஐம்பது பேரை ஏற்ற முடியாது என்று எழுதினானாம்.

அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியின் கிளட்சை நான்தான் பிரித்துப் பூட்டினேன். பிளேட்டுகள் வழுக்குகின்றன, மேட்டில் ஏறமாட்டேன் என்கிறது என்று அண்ணன் கொண்டுவந்து விட்டிருந்தான். மாலையில் அவனுக்கு வண்டி வேண்டும். அந்த வண்டியில் கிளட்ச் லிவரைப் பிடித்தால், கேபிள் இழுத்து, கியர்பாக்சின் நடுவே இருக்கும் குழாய் போன்ற தண்டுக்குள் ஒரு ராடு நகரும். அது போய்ப் பிளேட்டுகளைத் தள்ளி விலக்கும். விலகினால்தான் என்ஜின் ஓடினாலும் சக்கரம் சுற்றாது. அந்த ராடு ஒரே துண்டு அல்ல, இரண்டு. ஒன்று சுற்றும், ஒன்று சுற்றாது. இரண்டும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளாமல் இருக்க நடுவே மிளகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுக் குண்டு ஒன்று உண்டு.

அந்தக் குண்டு என் விரலிலிருந்து நழுவியது. தரையில் ஒரு முறை துள்ளிய சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் இல்லை. மணி ஐந்தாகிவிட்டது. ராடுகளை நேராக ஒன்றோடொன்று முட்டவிட்டு, குறைந்த நீளத்துக்குத் திருகாணியை உள்ளே முடுக்கிச் சரிக்கட்டினேன். லிவரைப் பிடித்துப் பார்த்தேன். கிளட்ச் விலகியது. அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கவனமானவன் என்ற பெயர் எனக்கு அவனிடம்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை அவன் கடைக்கு வந்தான். கிளட்சைப் பிடித்திருந்தாலும் வண்டி லேசாக முன்னே இழுக்கிற மாதிரி இருக்கிறதே என்றான். என் கையில் யாருடைய வில்லையோ இருந்தது. நிமிராமலே சொன்னேன்.

"ரெண்டு நாள் ஓட்டு அண்ணா. பழகிடும்."

புதன்கிழமை காலை செருப்பு அலமாரியை நகர்த்திப் பெருக்கியபோது குண்டு கிடைத்தது. அண்ணனுக்குப் போன் செய்ய எண்களைப் பாதி அழுத்தினேன். செய்தால், அது இல்லாமலே பூட்டியதைச் சொல்ல வேண்டும். விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள். ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கி, அவன் அறியாமலே போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் அண்ணியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தபோது ஒரு சிக்னலில் நின்றான். முன்னே ஒரு லாரி. பச்சை விழப்போகிறது என்று கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டான். வண்டி பாய்ந்து லாரியின் பின்பலகையில் மோதியது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அண்ணி வலது தோள் தரையில் மோத விழுந்தாள். அந்தக் கையை அவளால் இன்றுவரை தோளுக்கு மேலே தூக்க முடியாது. காலையில் அவள் தலையைப் பின்னிவிடுவது அண்ணன்தான். ஆரம்பத்தில் அவன் போட்ட பின்னலைப் பார்த்து, பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்த மாதிரி இருக்கிறதென்று அண்ணியே சொல்லிச் சிரிப்பாள். இப்போது நன்றாகப் பின்னுகிறான்.

மருத்துவமனை நடைபாதையில் அவன் தன் இடது கையை விரித்து விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிடித்திருந்ததாகத்தான் நினைத்தேன், எப்படி விட்டேன் என்று தெரியவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவன் முதுகில் கை வைத்து, யாருக்கும் நடக்கிறதுதான் அண்ணா என்றேன். வளைந்த முன்பக்கத்தை மட்டும் யாரோ நிமிர்த்திக் கொடுத்தார்கள். கிளட்சை யாரும் திறக்கவில்லை. வண்டி அவன் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. இப்போதுதான், நான் ஓட்டப்போவதில்லை, துருப்பிடித்துச் சாகவிட மனசில்லை என்று விற்கத் துணிந்தான். கிளட்சை நானே பார்த்துத் தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். உனக்கு எதற்குடா சிரமம் என்று கேட்டவன், சரி, நீ செய்தால் சரியாக இருக்கும் என்றான்.

சனிக்கிழமை மூடியைக் கழற்றினேன். திருகாணிகளை மூடியில் இருந்த வரிசைப்படியே ஓர் அட்டையில் குத்திவைத்தேன். ஸ்பிரிங்குகள் ஆறையும் முட்டை அட்டையின் குழிகளில் போட்டேன். பிளேட்டுகள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். புதுப் பிளேட்டுகள் முதல் நாளிலிருந்தே துணி ஊறவைக்கும் பேசினில் ஆயிலில் ஊறிக்கொண்டிருந்தன. இனி அந்தப் பேசினில் நீங்கள் உங்கள் சட்டையை மட்டும் ஊறப்போடுங்கள் என்றாள் மனைவி. கடைசியாக ராடுகளை உருவினேன். முட்டிக்கொண்டிருந்த இரண்டு முனைகளும் சுத்தியலால் அடித்த ஆணித்தலை போலப் பிதுங்கி, சூட்டில் வெந்து நீலம் பாரித்திருந்தன. ஒன்று ஓர் அரிசி அளவு குட்டையாகியிருந்தது. அவ்வளவுதான். ஓர் அரிசி அளவு. அவற்றைத் துணியில் சுற்றி வாளிக்குள் போட்டேன். மறுநாள் குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்று திட்டம்.

புது ராடுகள் வாங்கியிருந்தேன். குண்டு வாங்கவில்லை. பழையது என்னிடம் இருந்தது, அண்ணன் கொடுத்த ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள், ஆறு வருடமாக. அதையே அதன் இடத்தில் போட்டு மூடிவிட்டால் என்ன ஆகும் என்று நான் எதிர்பார்த்தேனோ, எனக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே அண்ணன் வந்துவிட்டான்.

"நாலு மணிக்குத்தானே வரச் சொன்னேன்."

"வீட்ல இருக்க முடியலடா. அவ தலையக்கூட இன்னும் பின்னல. பின்னாடி பின்னிக்கலாம் போன்னு அவதான் அனுப்பினா."

உட்கார இடம் தேடினான். நான் ஸ்டூல் எடுத்து வருவதற்குள் வாளியைக் கவிழ்த்துவிட்டான். துணியிலிருந்து இரண்டு ராடுகளும் தரையில் உருண்டன. குனிந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா இது, இப்படி வெந்திருக்கு?"

"பழசாச்சு. தேஞ்சிருக்கும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ராடுகளைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். நான் புது ராடு ஒன்றைத் தண்டுக்குள் செலுத்தினேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்து குண்டை எடுத்து கிரீஸில் தோய்த்து உள்ளே தள்ளினேன். அது உருண்டு போய் ராடில் இடிக்கும் சின்னச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"கண்ணாடிக் கூட்டுலயா ஸ்பேர் பார்ட்ஸ் வச்சிருக்க?" என்று சிரித்தான். "நான் குடுத்ததுதானே?"

"ஆமா."

"குண்டு புதுசா?"

"புதுசு" என்றேன்.

எங்கள் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஒன்றும் புதிதல்ல. சிறுவயதிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான். ஆனால் அந்த மௌனத்தில் முன்பெல்லாம் எனக்கு இடம் இருந்தது. இப்போது இல்லை. இரண்டாவது ராடையும் செருகிவிட்டுப் பிளேட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கினேன். ஸ்பிரிங்குகளை எதிரெதிராகச் சமமாக முடுக்கினேன். மூடியைப் பூட்டி ஆயில் ஊற்றினேன். நாலு உதையில் என்ஜின் உயிர்பெற்றது.

"ஏறி உட்காரு. கிளட்ச்சப் பிடிச்சுப் பாரு" என்றேன்.

"என் கையா? வேணாம். நீயே பாரு."

"வாங்க வர்றவர் உன்னத்தானே கேப்பாரு."

தயங்கி ஏறினான். நான் முன்சக்கரத்துக்கு எதிரே போய் நின்றேன். ஏன் அங்கே போய் நின்றேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவன் லிவரை முழுதாக இழுத்துப் பிடித்தான். முதல் கியர் விழுந்தது. வண்டி அசையவில்லை. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம். புறங்கை நரம்புகள் புடைத்திருந்தன. கை ஆடவே இல்லை.

"விடல பாரு" என்றான். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "இவ்வளவு நேரம் பிடிக்க முடியுது. அன்னிக்கு மட்டும் எப்படிடா விட்டேன்?"

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்திருந்தது. சுலபமான பொய். அவன் அதையும் நம்பியிருப்பான்.

"அன்னிக்கும் நீ விடல."

அவன் என்னைப் பார்த்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். குண்டு நழுவியது, தேடியது, திருகாணியை முடுக்கியது. அவன் மடியிலிருந்து பெட்ரோல் டாங்கின் மேல் வைத்திருந்த ராடுகளைக் காட்டினேன். அவன் கை லிவரை விடவில்லை. விட்டால் வண்டி என்மேல் ஏறும். அது அவனுக்கும் தெரியும். நான் சொல்லி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு வலது கையால் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தான். அதற்குப் பிறகும் லிவரை விடவில்லை.

"குண்டு எப்பக் கிடைச்சுது?"

"புதன்கிழமை."

"எந்தப் புதன்கிழமை?"

"நீ விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

வாய்க்குள் ஏதோ எண்ணுவதைப் போல அவன் உதடுகள் அசைந்தன.

"அதுக்கு முந்தின நாள் நான் உன் கடைக்கு வந்தேன்."

"ஆமா."

"இழுக்குதுன்னு சொன்னேன்."

"ஆமா."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதையாவது எடுத்து எறிந்திருந்தால்கூட. லிவரை மெல்ல விட்டான். இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு வெந்த ராடுகளை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். வெள்ளைச் சட்டை. ஆயில் கறை மெல்லப் பரவியது. அதை அவன் கவனிக்கவில்லை. கவனித்தும் விட்டுவிட்டானோ என்னவோ.

"அவகிட்ட நீயே சொல்லு" என்றான். "நான் சொன்னா உனக்காகப் பேசற மாதிரி ஆயிடும்."

"சரி."

"அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடு."

"வண்டி?"

கிக்கரை உதைத்தான். ஆறு வருடமாக உதைக்காத கால், இரண்டாவது உதையிலேயே கிளப்பிவிட்டது. என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"உட்காரு."

உட்கார்ந்தேன். எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் தோளைப் பிடிக்கக் கூசியது. இருக்கைக்கு அடியில் இருந்த இரும்பைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, எங்கே என்று கை காட்டிக் கேட்டாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

வழியில் ஒரு சிக்னல் இருந்தது. அதே சிக்னல் இல்லை, வேறொன்று. முன்னே ஒரு சரக்கு வண்டி நின்றது. அண்ணன் நிறுத்தினான். பச்சை விழுவதற்கு வெகுநேரம் முன்பே லிவரைப் பிடித்து முதல் கியரைப் போட்டு அப்படியே வைத்திருந்தான். வேண்டுமென்றேதான். நான் அவன் தோளுக்கு மேலாக அந்தக் கையைப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் நின்றது. சிவப்பு மிக மெதுவாகக் கழிந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தபோதுதான் பச்சை விழுந்திருப்பதை இருவரும் கவனித்தோம்.

அவன் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு அண்ணி வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாத முடியை இடது கையால் ஒரு பக்கமாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள். முதலில் வண்டியைப் பார்த்தாள், பிறகு ஓட்டி வந்தவனை. அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன்.

"என்ன தம்பி, நீங்களே சரிபண்ணி ஓட்டவும் வச்சிட்டீங்களா?" என்றாள்.

அண்ணன் என்ஜினை அணைத்தான். அவளைக் கடந்து உள்ளே போனான். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, சீப்பு எடுக்கிறான் போல. அண்ணி இன்னும் சிரித்த முகத்தோடு என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன்.