இழுத்து அளந்த துணி

ஜவுளிக்கடைக்காரருக்குத் தெருவில் ‘நியாயம்’ என்று பட்டப்பெயர். “நியாயம் இருக்காரா?” என்று கேட்டால், “சாப்பிடப் போயிருக்கு” என்பார்கள் பக்கத்துக் கடையில்.

வீட்டில் யாராவது பொய் சொன்னால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் மீட்டர் கோலில் துணியை வைத்ததும் கட்டைவிரல் தன்னால் ஓர் இழுப்பு இழுக்கும். மீட்டருக்கு இரண்டு விரற்கடை மிச்சம். ‘நான் எங்கே இழுத்தேன், துணிதானே நீளுது’ என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிவைத்திருந்தார். மனசாட்சியும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதானே, பேரம் படிந்துவிட்டது.

அக்கா தையல்காரி. புருஷன் போனபிறகு அந்த ஒற்றை மிஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது. துணி எடுப்பது தம்பி கடையில். இழுக்கிற விரலுக்கு அக்கா, அசலார் என்ற பேதமெல்லாம் தெரியாது.

ஒரு மத்தியானம் வந்தாள். “பள்ளிக்கூட யூனிபார்ம், நூறு சட்டைக்கு எடுத்த துணியில தொண்ணூத்தாறுதான்டா வந்துச்சு. பாக்கியை நான் சுருட்டிட்டேன்னு பள்ளிக்கூடத்துல பேசறாங்க. இனிமே ஆர்டர் கிடையாதாம். நீ சரியாத்தானே அளந்தே?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

“வெட்டினது நீதானேக்கா. கண்ணு சரியாத் தெரியுதா?”

“ஊசி கோக்கத்தான் கொஞ்சம் திணறுது.”

“பாத்தியா.”

அன்று மாலை வந்த முதல் இரண்டு கிராக்கிகளுக்குத் துணியைத் தளரவிட்டே அளந்தார். மூன்றாவது ஆள் வருவதற்குள் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது: அக்காவுக்கு நிஜமாகவே கண் கோளாறாக இருந்தால்? இருக்கும். வயசு ஐம்பத்தெட்டு ஆகிறதே. விரல் பழையபடி இழுத்தது.

மறுநாள் தானே அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அக்கா கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தாள்.

“கிட்டத்துல பாக்க ஒரு சின்னக் கண்ணாடி போதும்மா. துணியைத் தப்பா வெட்டற அளவுக்கு ஒண்ணுமில்லை” என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அக்கா உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு நல்லா இருக்குன்னா மூளைதான்டா மழுங்கிப் போச்சு. இனி எவ துணியையும் கெடுக்க வேணாம். மிஷினை வித்துடறேன், ஆள் இருந்தா பாரு.”

அவர் வாயைத் திறந்தார்.

“எதுக்கும் இன்னொரு டாக்டரையும் பாத்துடுவோம்க்கா.”