ஏழாம் ஃபாரத்தின் கடைசி வரி

"கடைசியில ரெண்டு பேரும் சேரத்தான் போறாங்கன்னு உனக்கே தெரியும். அப்புறம் எதுக்கும்மா இத்தனை பக்கம் படிக்கிறே?"

மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு அப்போது பதில் தெரியவில்லை. "போய்ப் பல்லைத் தேய்" என்று விரட்டிவிட்டாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். கேள்வி மட்டும் புகுந்த வீட்டுக்குப் போகாமல் அம்மாவிடமே தங்கிவிட்டது.

அந்த அம்மா புத்தகம் கட்டும் பட்டறையில் தாள் மடிக்கிறவள். அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். நீளமான மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு ஃபாரம். நாள் முழுக்க அதே தாளைத்தான் மடிக்க வேண்டும் என்பதால், தன் பதினாறு பக்கமும் ஒவ்வொருத்திக்கும் தலைகீழ்ப் பாடம். அடுத்தவளின் பக்கம் ஒரு வரி தெரியாது. பேரும் அப்படியே ஆகிவிட்டது. "ஏ நாலு, அந்தக் கத்தரியைக் கொடு" என்றால் நாலாம் ஃபாரம் மடிக்கிறவள் எடுத்துக் கொடுப்பாள்.

மதியச் சாப்பாட்டின்போது வரிசைப்படி ஆளாளுக்குத் தன் பங்கைச் சொல்வார்கள். அப்போதுதான் கதை முழுசாகும். அவரவர் ஃபாரத்தை அவரவர்தான் சொல்லவேண்டும், அடுத்தவளின் தாள்கட்டில் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் முதலாளி ஒட்டிய சட்டங்களைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

அப்போது மேசைக்கு வந்திருந்தது ஒரு பெரிய குடும்பக் கதையின் மூன்றாம் பாகம். படகு கட்டும் குடும்பம் ஒன்று, மூன்று தலைமுறை. முதல் பாகத்தில் தாத்தா சம்பாதித்தார், இரண்டாம் பாகத்தில் பிள்ளைகள் அடித்துக்கொண்டு தொலைத்தார்கள். நடுவில் வெள்ளம், சண்டை, பஞ்சம் எல்லாம் வந்துபோயின. அந்த வீட்டின் நடுப்பெண்ணும், மாடியில் குடியிருக்கும் கணக்கரும் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசிக்கொண்ட பாடில்லை. அவள் மழையில் தவறவிட்ட குடையை அவன் காயவைத்து வாசலில் மாட்டிவிட்டுப் போனான். அவன் வர நேரமானால் அவள் படியில் விளக்கை அணைக்காமல் வைத்தாள். இரண்டு பாகத்தில் அவ்வளவுதான். "நம்ம மேஸ்திரி சம்பளம் ஏத்துறதுக்குள்ள இவன் வாயைத் திறந்துருவான்" என்று மூணு கேலி செய்வாள். ஆனாலும் பாகம் முடிந்த அன்று அழுததும் அவள்தான்.

ஆமை வேகக் காதலில் அப்படி என்னதான் இருக்கிறது? பார்த்த மாத்திரத்தில் வரும் காதலை மேசையில் யாரும் நம்பவில்லை. அது வசதியுள்ளவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். குடையைக் காயவைப்பது அப்படியல்ல. அதை யாரும் யாருக்கும் செய்யலாம். ஒருநாள் தன் வீட்டு வாசலிலும் ஒரு குடை மாட்டியிருக்கலாம். கடவுள் பெரும்பாலும் அப்படிச் சின்னச் சின்னதாகத்தான் அனுப்பிவைக்கிறார். நாம்தான் பெரிய பொட்டலமாக வரும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இந்தத் தடவை அந்த அம்மாவுக்கு வாய்த்தது ஏழாம் ஃபாரம். எட்டு வாய்த்தது அவளுடைய ஓரகத்திக்கு, கொழுந்தனின் மனைவிக்கு. மேசையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஏனென்றால் மூத்தவளும் இளையவளும் பேசிப் பல வருஷமாகிறது. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. மாமியார் படுக்கையில் கிடந்த நாளில் யார் அதிகம் பார்த்தது என்று பேச்சு வந்தது. மூத்தவள், "நீ நேத்து வந்தவ, உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டாள். ஒரு வாக்கியம்தான். இளையவள் அன்றே அடுப்பைப் பிரித்துக்கொண்டாள். வீட்டில் சேதி சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள், சுவரும் சலிக்காமல் கேட்டுக்கொள்ளும்.

ஏழாம் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கர் ஒருவழியாக வாயைத் திறந்தான். மூத்தவள் சோற்றில் கை வைக்காமல் அதைச் சொன்னாள். "'இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு' அப்படிங்கிறான். அதோட தாள் முடிஞ்சுது."

மேசை முழுவதும் இளையவளைப் பார்த்தது. மீதி வாக்கியம் அவளிடம் இருக்கிறது. அவள் டப்பாவை மூடினாள். "எனக்குத் தலை வலிக்குது. நாளைக்குச் சொல்றேன்."

"எங்க தலையை வெடிக்க வச்சிட்டு உனக்கு வலிக்குதாக்கும்" என்றாள் ஒன்பது. "என் பக்கத்துல ரெண்டும் ஒரே குடைக்குள்ள நடக்குதுங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எதைச் சொல்ல?"

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இளையவள் சொல்லியிருப்பாள் என்று மூத்தவளுக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் மனம் வரவில்லை. இளையவள் தண்ணீர் குடிக்கப் போன சமயம், மற்றவர்கள் தங்கள் தாளிலேயே கண்ணாக இருக்க, மூத்தவள் எட்டாம் கட்டிலிருந்து ஒரு பிடி உருவிவிட்டாள். மடித்த தாள்கள் எல்லாக் கட்டிலும் குப்புறத்தான் இருக்கும். திருப்பிப் பார்ப்பதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. பதறிப்போய்த் தன் ஏழாம் கட்டின் மேலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஃபாரங்களை வரிசையாகச் சேர்த்துப் புத்தகமாக்குகிறவள் வந்து ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம், தைத்து முடித்த புத்தகங்களை மேஸ்திரி கொண்டுவந்து மேசையில் போட்டார். ஃபாரத்தின் முதுகில் சின்னக் கறுப்புக் கட்டம் ஒன்று அச்சாகியிருக்கும். சரியாகச் சேர்த்தால் அந்தக் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி இறங்கும். இந்தப் புத்தகங்களில் ஏழாவது படி இல்லை, எட்டாவது படி இரண்டு இருந்தது.

"எட்டு தானா நடந்து போய் ஏழு மேல உட்கார்ந்துச்சா? யார் கை இது?"

மூத்தவள் தன் கட்டை நேராக அடுக்கத் தொடங்கினாள். இளையவள் ஒரு தடவை அவளைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயடியிலிருந்து மேசை நன்றாகத் தெரியும் என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் கைதான் தவறியிருக்கும், மேஸ்திரி" என்றாள் இளையவள்.

மேசையில் உட்கார லாயக்கில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவளைப் பசை காய்ச்சும் அறைக்கு அனுப்பினார் மேஸ்திரி. அவளுடைய எட்டாம் தாள்கள் மடிக்காமல் மலைபோல் கிடந்தன. கெட்டுப்போன புத்தகங்களைப் பிரிப்பதும் அவள் தலையில்தான் விழுந்தது.

பட்டறை விட்டதும் மூத்தவள் வாசலிலேயே நின்றாள். நின்றவளுக்குக் கதை நினைவில் இல்லை. நேற்று வந்தவள் என்று தான் சொன்னவள், இன்று தனக்காக ஒரு மேசை நிறையப் பேர் முன்னால் தலைகுனிந்து போயிருக்கிறாள். சாமியை நினைத்துக்கொண்டு மேஸ்திரியை நிறுத்தினாள்.

"அது அவ கை இல்லீங்க. என் கை."

"எனக்குத் தெரியாதாம்மா? ஏழு மேல எட்டு வந்தா ஏழுகிட்ட உட்கார்ந்தவ கைதான். அவளே ஒத்துக்கிட்டா, நான் என்ன செய்ய?" அவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். "ஏன் ஒத்துக்கிட்டா?"

நாளைக்கு இளையவளை அவள் இடத்தில் உட்காரவைக்க வேண்டும், தப்பு தன்னுடையது என்று மேசைக்கும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் மூத்தவள் கேட்டுக்கொண்டாள். சொல்கிறேன் என்றார் மேஸ்திரி. காலையில் சீக்கிரம் கதவைத் திறந்துவிட முடியுமா என்றும் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போனார். பட்டறையில் வேறு ஆள் இல்லை. மூத்தவள் முதலில் கெட்ட புத்தகங்களின் நூலை வெட்டிப் பிரித்தாள். கூடுதல் எட்டை எடுத்துவிட்டு ஏழை வைத்து, மறுபடி தைப்பதற்கு அடுக்கினாள். பிறகு ஓரகத்தியின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். இளையவளுக்கு உயரம் குறைவு. முக்காலியில் ஒரு பழைய அட்டை போட்டிருந்தாள். அது நழுவாமல் இருக்க நூலால் காலோடு கட்டியிருந்தாள். இத்தனை காலம் ஒரே மேசையில் இருந்தும் மூத்தவள் அதைப் பார்த்ததில்லை.

தாள்மலையை மடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது மடிப்பு விழுந்ததும் எட்டாம் ஃபாரத்தின் முதல் பக்கம் மேலே வந்து நின்றது. கணக்கரின் மீதி வாக்கியம் அங்கேதான் இருந்தது. பார்த்தால் கேட்க ஆளில்லை. மூத்தவள் கண்ணை மடிப்பின் விளிம்பிலேயே வைத்துக்கொண்டாள், தாளைக் குப்புறத் திருப்பிக் கட்டில் வைத்தாள். அடுத்த தாளையும் அப்படியே. அது இளையவள் வாயால் வரவேண்டிய வாக்கியம். இன்றைக்கு வந்தாலும் சரி, அடுத்த பாகம் மேசைக்கு வரும்போது வந்தாலும் சரி.

தெருவில் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டபோது கட்டு உயர்ந்து நின்றது. மேலே கல்லை வைத்தாள், தாள் துகளைத் தட்டிவிட்டாள். பின்கதவு வழியாக வெளியே போய், மற்றவர்களோடு முன்கதவில் நுழைந்தாள்.