ஆள் உள்ள படகு

கடலை இதுவரை எவனும் பத்திரம் பதிந்து வாங்கியதில்லை, ஆகவே அதில் மிதக்கும் எதற்கும் கட்டணம் கேட்க எந்தச் சட்டத்துக்கும் அதிகாரமில்லை என்பது வக்கீலின் தீர்ப்பு. வக்கீல் என்பது பட்டப்பெயர். தொழில் மீன்பிடிப் படகு. ஒருமுறை சாட்சி சொல்லப் போய், கூண்டில் ஏறாமலே திரும்பி வந்ததில் கிடைத்த பட்டம்.

துறைமுக விதி எளிமையானது. உள்துறையில் கட்டிய படகில் ஆள் இருந்தால் அது சரக்கு இறக்கும் படகு, கட்டணமில்லை. ஆள் இல்லாவிட்டால் நிறுத்திவைத்த படகு. கட்டணமும் உண்டு, படகின் விலாவில் ஒரு சாக்பீஸ் கோடும் உண்டு. மூன்றாவது கோடு விழுந்தால் வெளிச்சுவருக்குப் போய்விட வேண்டும். அங்கே அலை, படகைச் சுவரில் அடித்துத் துவைத்துவிடும். வக்கீலின் படகுக்கு இருபத்திரண்டு வயது. அதில் பாதி மரம், மீதி ஓட்டை அடைத்த தார்.

பக்கத்துப் படகு அவருடைய மச்சினனுடையது. மீனையெல்லாம் இறக்கி முடித்த பிறகும், கவிழ்த்த வாளிமேல் கறுப்புக் குடையோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பான். துறைமுக ஊழியர் வந்தால் கையைத் தூக்குவான். உயிருள்ள ஆள் என்பதற்கு விதிப்படி அதுதான் அத்தாட்சி.

"என்ன மாப்ள, முட்டை பொரிஞ்சிடுச்சா?" என்பார் வக்கீல், டீக்கடைக்குப் போகும் வழியில்.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும் மாமா. உங்க படகுல எத்தனை கோடு?"

"ரெண்டு. சட்டப்படி செல்லாது."

"அது அலைக்குத் தெரியுமா?"

அன்று வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "வெளிச்சுவர்ல நம்ம படகு ஒரு வாரம் தாங்காது. அப்புறம் தினமும் வீட்லயே உக்காந்து எனக்குக் கை தூக்குங்க."

வக்கீல் சட்டத்தின் அடிப்படைகளை விளக்கத் தொடங்கினார். அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் டீக்கடையில் வக்கீலின் பெஞ்சு காலியாக இருந்தது. அவர் படகில், கவிழ்த்த வாளிமேல், மனைவியின் பூப்போட்ட குடைக்கடியில் கடலைப் பார்த்தபடி இருந்தார். மச்சினன் தன் முகம் மறையும்படி குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டான்.

ஊழியர் வந்து நின்றார். அவர் கையிலிருந்த சாக்பீஸ் படகின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டிக் காத்திருந்தது. வக்கீலின் கை காதுவரை போய், சொறிவதுபோல் நின்றது.

"சரியா தெரியலயே அண்ணே."

கை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. பக்கத்துப் படகில், காற்றே இல்லாமல், கறுப்புக் குடை குலுங்கிக்கொண்டிருந்தது.